பாஸ் அக்காவும் நீலம் பூத்த பிளைவீலும்

கொட்டகலையில் எந்த கராஜுக்குப் போனாலும், வண்டி வாசலில் வந்து நிற்பதற்குள் அதற்கு என்ன வருத்தம் என்று சொல்லிவிடுவார்கள். "பம்பு போயிருச்சு." "பேரிங் போயிருச்சு." "இஞ்சினை மொத்தமா இறக்கணும்." சத்தத்தைக் கேட்டே சொல்லுவார்கள். சிலர் சத்தத்தைக் கேட்காமலும் சொல்லுவார்கள். பாஸ் அக்கா ஒருத்தர்தான் "தெரியாதுங்க" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே பாதி ஊர் அவரிடம் போனது. அதே சொல்லுக்காக மீதி ஊர் போகாமல் இருந்தது.

எங்கள் பக்கத்தில் கைவேலை தெரிந்த ஆம்பிளையை பாஸ் என்று கூப்பிடுவோம். மேசன் வேலை செய்கிறவர் பாஸ், தச்சு வேலை செய்கிறவர் பாஸ், கராஜில் இருப்பவரும் பாஸ். பொம்பிளைக்கு அப்படி ஒரு பட்டம் வேண்டியிருக்கும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. ஆகவே அவர் பாஸ் அக்கா ஆனார். சிங்களப் பஸ்காரர்கள் பாஸ் அக்கே என்பார்கள். அவருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் போன் போட்டு, இதில் எந்த வரி லூசாக இருக்கிறது என்று வரிசையாகச் சொல்லுவார். எனக்கு அதைக் கேட்கும் தெம்பு இல்லை.

அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். கணவர் ரயில்வேயில் வேலை பார்த்தார். கணவருடைய பழைய கோட்டு ஒன்றை முழங்கை வரை மடித்துப் போட்டுக்கொண்டுதான் அக்கா வேலை செய்வார். குளிருக்கும் ஆச்சு, கரிக்கும் ஆச்சு. பால் சேர்க்காத பிளேன்டீயைக் குடிக்கும்போது நாங்களெல்லாம் சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொள்வோம். அவர் கையில் எப்போதும் கிரீஸ் இருக்கும் என்பதால் ஸ்பார்க் பிளக் வந்த சின்ன டப்பா ஒன்றின் மூடியில் சீனியைப் போட்டு வைத்திருப்பார். அந்த மூடியை வேறு யாரும் தொடக் கூடாது. தொட்டால் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும்.

போனில் விசாரிக்கிறவர்களை அவர் படுத்துகிற பாட்டை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒரு பஸ் முதலாளி தன் பஸ் போடும் சத்தத்தை வாயால் செய்து காட்டினார். அக்கா ஸ்பீக்கரில் போட்டு முழுதாகக் கேட்டார்.

"நல்லா செஞ்சீங்க முதலாளி. இன்னொருக்கா செய்யிங்க."

அந்த மனிதரும் பாவம், இன்னொரு தடவை செய்தார்.

"அப்ப என்னா கோளாறு பாஸ் அக்கா?"

"தெரியாதுங்க. கொண்டாங்க, கழட்டிப் பாப்போம்."

கழற்றும் வரை அவர் வாயைத் திறக்க மாட்டார். கழற்றிய பிறகு மூட மாட்டார். இதுதான் அவர். கையிலே எடுத்த சாமானை மூன்று தடவை துணியால் துடைப்பார். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு அதில் என்ன தெரிகிறதோ அத்தனையையும், யார் நின்றாலும், உரத்துச் சொல்லிவிடுவார். அதில் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது அவருக்குப் பொய் மாதிரி.

நான் கணக்குப் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்து அதிபரின் கார் கதை இன்றைக்கும் ஸ்டாப் ரூமில் ஓடுகிறது. எட்டாம் வகுப்பு வரலாற்று விடைத்தாள் கட்டு ஒன்று காணாமல் போயிருந்தது. வரலாறு படிப்பிக்கும் டீச்சரிடமே கொடுத்துவிட்டதாக அதிபர் சத்தியம் செய்யாத குறை. அந்த டீச்சர் இரண்டு நாள் அழுதார். மூன்றாம் நாள் அதிபர் தன் கார் மூச்சு வாங்குகிறதென்று கராஜுக்குக் கொண்டுபோனார், பஸ் கிடைக்காத நாங்கள் நாலு ஆசிரியர்களும் அதில் தொற்றிக்கொண்டோம். பாஸ் அக்கா பொனெட்டைத் திறந்து, காற்று வடிகட்டியின் டப்பாவைக் கழற்றி உள்ளே பார்த்தார். எலிக் கூடு. அதை அலுங்காமல் வெளியே எடுத்தார்.

"எலி கடிச்ச பேப்பருங்க. எட்டாம் வகுப்புன்னு போட்டிருக்கு. வரலாறு. இந்தப் புள்ளைக்கு நாப்பத்தி மூணு."

நாங்கள் நாலு பேரும் தேயிலை மலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதிபர் தொண்டையைச் செருமினார். மறுநாள் காலையில் அந்த டீச்சரிடம் போய், கட்டை டிக்கியில் வைத்து மறந்தது தான்தான் என்று அவராகவே சொன்னார். பாஸ் அக்கா வாயைத் திறந்திருக்காவிட்டால் அந்த மன்னிப்பு இந்த ஜென்மத்தில் வந்திருக்காது.

ஆனால் எல்லா நாளும் சிரிப்பாக முடிவதில்லை. ஒரு நாள் தோட்டத்துக் கொழுந்து லொறி பிரேக் பிடிக்கவில்லையென்று வந்தது. கூடவே கண்டாக்கையாவும் வந்திருந்தார். அவர்தான் மலையில் வேலையை மேற்பார்வை பார்க்கிறவர், தோட்ட மேனேஜரான தொரையிடம் நேரே பேசுகிறவர். அக்கா பின் சக்கரத்தைக் கழற்றி உள்ளேயிருந்ததை விரலால் தடவினார்.

"இது தோட்டத்து ரோட்டு மண்ணு இல்லிங்க. ஆத்து மணல். இந்த லொறி அச்சு முங்குற அளவுக்குத் தண்ணியில எறங்கியிருக்கு."

டிரைவரின் முகம் செத்துப் போனது. யாரோ வீடு கட்டுவதற்காக அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த லொறியில் மணல் அள்ளியிருக்கிறார். மறுநாள் காலையில் எல்லோரும் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதற்கு அடுத்த நாள் அவருடைய மனைவி, இடுப்பில் பிள்ளையோடு வந்து கராஜுக்கு எதிரே ரோட்டோரத்தில் நின்றார். திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. சும்மா நின்றுவிட்டுப் போனார். அன்று பாஸ் அக்கா ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடவில்லை. சீனி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த நாள் கோட்டைக் கழற்றிவிட்டு, சேலை உடுத்திக்கொண்டு தொரையின் ஒபீசுக்குப் போனார். அங்கே அவர் பேசியதை ஒபீஸ் கிளார்க் எனக்குச் சொன்னார். "மணலைப் பாத்தது நானுங்க. அவரு எதுக்கு அள்ளுனாரு, வீட்டுல என்னா கஷ்டம்னு நான் பாக்கல. நீங்களும் பாக்கல." தொரை உடனே இளகிவிடவில்லை. இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் அந்த டிரைவர் அக்காவின் கராஜில்தான் இருந்தார். திருத்திய வண்டிகளை ஓட்டிப் பார்ப்பதும், ஹட்டனுக்குச் சாமான் கொண்டுபோய் வருவதும் அவர் வேலை. தோட்டத்தில் திரும்ப எடுத்துக்கொண்ட பிறகும் லீவு நாட்களில் வந்து நின்றார். அவர்கள் இருவரும் அந்த மணலைப் பற்றி ஒரு தடவையும் பேசியதாக எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அக்காவிடம் ஒரு புதுப் பழக்கம் வந்தது. சாமானைத் துடைத்துப் பார்த்து முடித்ததும், வாயைத் திறக்குமுன் ஒரு கேள்வி கேட்பார்.

"சொல்லட்டுமா?"

வண்டிக்காரர் சுற்றிலும் பார்த்துக்கொள்ள வேண்டும். யாராவது இருந்தால், அப்புறம் சொல்லுங்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு. நான்தான் மறந்துபோய் மாட்டிக்கொண்டேன்.

என்னிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. கணக்கு வாத்தியாருக்கு ஸ்போர்ட்ஸ் கார் எங்கேயிருந்து வந்தது என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொள்வேன். நுவரெலியாவில் ஹோட்டல் வைத்திருந்த ஒருவருடைய மகனுக்கு மூன்று வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். பையனை எல்லோரும் கைவிட்டிருந்தார்கள், அவன் எப்படியோ பாஸ் பண்ணிவிட்டான். தகப்பனார் உணர்ச்சிவசப்பட்டு, ஹோட்டலுக்குப் பின்னால் கொட்டகையில் கிடந்த சிவப்புக் காரைக் காட்டி, "எடுத்துட்டுப் போங்க சேர், கோழிகளை மட்டும் விட்டுட்டுப் போங்க" என்றார். ஜப்பான்காரன் செய்த கார். இரண்டே சீட்டு, துணிக்கூரை, முப்பது வயது. டிரைவர் சீட்டில் நாலு முட்டை இருந்தது. அதை ஓட வைப்பதற்கு எனக்கு ஒரு வருடம் பிடித்தது. ஓடத் தொடங்கிய பிறகு, கொட்டகலை பஜாரில் அதை ஓட்டிக்கொண்டு போகும்போது எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

இனி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நேர் ரோடு இருக்கிறது. முழுக்க இறக்கம், ஏழு நிமிடத்தில் போய்விடலாம். நான் அந்த வழியாகப் போவதில்லை. தோட்டத்தின் மேல் டிவிஷன் வழியாக ஏறிச் சுற்றிப் போவேன். அந்த ஏற்றத்தின் பாதியில், ரோட்டுக்கு இடப்பக்கம், பிள்ளைக்காம்பரா இருக்கிறது. கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை அங்கேதான் விட்டுவிட்டுப் போவார்கள். அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு டீச்சர் புதிதாக வந்திருந்தார். காலை ஏழு மணிக்கு அவர் வாசலில் நிற்பார். நானும் ஏழு மணிக்கு அங்கே இருப்பேன். மூன்று மாதமாக அது தற்செயலாக நடந்துகொண்டிருந்தது.

இடப்பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பேசுவேன். ஆனால் ஹேண்ட்பிரேக் போட மாட்டேன். மலைநாட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அது ஒரு பெருமை. ஏற்றத்தில் ஹேண்ட்பிரேக் இழுப்பவன் ஓட்டப் பழகுகிறவன். நன்றாக ஓட்டத் தெரிந்தவன் அரைக் கிளட்சில் வண்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு, முன்னாலும் போகாமல் பின்னாலும் உருளாமல் நிறுத்திக்கொண்டு பேசுவான். எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் வண்டியை நிறுத்தியதாக ஆகிவிடும். நிறுத்தினால், எதற்காக நிறுத்தினான் என்று மேலே மலையில் நிற்கும் நாற்பது பெண்களும் கேட்பார்கள். கிளட்சில் பிடித்துக்கொண்டிருந்தால், சேர் சும்மா போகிற வழியில் ஒரு வார்த்தை பேசுகிறார், அவ்வளவுதான்.

அப்படி என்ன பேசினோம்? மழையைப் பற்றிப் பேசினோம். நேற்றைய மழை, இன்றைக்கு வரப்போகிற மழை, வருகிற மாதிரி வந்து ஏமாற்றிவிட்ட மழை. வேறு எதுவும் என் வாயில் வரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை அவராகவே, "ஞாயித்துக்கிழமை நானுஓயாவுல இருந்து என்னைப் பாக்க வர்றாங்க சேர்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னது இதுதான்: "அன்னைக்கு மழை இல்லாம இருந்தா நல்லது."

அன்றிரவு என்னை நானே திட்டாத திட்டு இல்லை. அவரைப் போல் ஒருத்தி எனக்கு வாழ்நாளில் கிடைக்கப் போவதில்லை, இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது, நாளைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தேன். புதன்கிழமை காலையில் மடிப்புக் குலையாத சட்டை போட்டுக்கொண்டு ஏற்றத்தில் ஏறினேன். பிள்ளைக்காம்பராவுக்கு ஐம்பது யார் தூரம் இருக்கும்போது இஞ்சின் ஓவென்று கத்தியது, வண்டி ஏறவில்லை. எரிந்த நாற்றம் வந்தது. அழுத்த அழுத்தச் சத்தம்தான் கூடியது. பிறகு கார் மெல்லப் பின்னால் போகத் தொடங்கியது. வாசலில் நின்ற டீச்சர் சின்னதாகிக்கொண்டே போனார். பிள்ளைகள் கையசைத்தார்கள். மலையில் நின்ற பெண்கள் சிரித்ததை நான் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். எப்படியோ திருப்பி, இறக்கத்திலேயே உருட்டிக்கொண்டு பாஸ் அக்காவின் கராஜ் வாசலில் வந்து நின்றேன்.

"என்னா சேர்?"

"கிளட்ச் போயிருச்சு பாஸ் அக்கா."

"தெரியாதுங்க. கழட்டிப் பாப்போம்."

கியர்பாக்ஸை இறக்க மத்தியானம் ஆனது. பள்ளி விட்டு நான் திரும்பி வந்தபோது கிளட்ச் பிளேட் தேய்ந்து ஆணி தெரியும் நிலையில் பெஞ்சில் கிடந்தது. அதற்குப் பின்னால் இருக்கும் பிளைவீலையும் கழற்றி வைத்திருந்தார். இஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனத்த இரும்புத் தட்டு அது, ரொட்டிக்கல் அளவு இருக்கும். அதன் முகத்தில்தான் கிளட்ச் பிளேட் ஒட்டிப் பிடிக்கும். அது கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். என்னுடையதில் சுற்றிவர நீல நீலமாகப் புள்ளிகள் பூத்திருந்தன. சூடேறிச் சூடேறி இரும்பு நிறம் மாறிப் போயிருந்தது.

அவர் மூன்று தடவை துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பிளைவீலைக் கீழே வைத்துவிட்டுக் காருக்குள் தலையை விட்டு எதையெதையோ பார்த்தார். வெளியே வந்தார்.

"சொல்லட்டுமா?"

கராஜில் அந்தக் கொழுந்து லொறி டிரைவர் லீவில் வந்து நின்றார். ஆட்டோக்காரர் ஒருவர் இருந்தார். என்னிடம் கணக்குப் படித்த பஸ் கண்டக்டரும் இருந்தான். நான் இரும்பைப் பற்றித்தான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"சொல்லுங்க."

"இது ஓடித் தேஞ்சது இல்ல சேர். நின்னு எரிஞ்சது. ஏத்தத்துல அரைக் கிளட்சுல நிக்கிறீங்க. அஞ்சு நிமிசம், பத்து நிமிசம். அதும் தினமும். ஹேண்ட்பிரேக் கேபிள் புதுசாவே இருக்கு, இழுத்ததே கெடையாது. ஆனா உங்க வீட்டுல இருந்து பள்ளிக்கூடத்துக்குப் போற வழியில ஏத்தமே இல்லையே?"

நான் சட்டையிலிருந்த சோக்குத் தூளைத் தட்டிக்கொண்டேன்.

"எடப்பக்கத்துக் கண்ணாடி எறக்குற கைப்பிடி தேஞ்சு வழுக்குது. அந்தப் பக்கத்துச் சீட்டுல ஆளு உக்காந்த தடமே இல்ல, பெல்ட்டு இன்னும் வெறைப்பா இருக்கு. அப்ப வெளியில நிக்கிற ஆரோடயோதான் பேசுறீங்க. மேல் டிவிஷன் ஏத்தத்துல எடப்பக்கம் என்னா இருக்கு?"

"பிள்ளைக்காம்பரா," என்றான் என் பழைய மாணவன். கணக்கில் ஒரு நாளும் இவ்வளவு வேகமாக விடை சொன்னதில்லை அவன்.

ஆட்டோக்காரர் சிரித்தார். எனக்குக் காதெல்லாம் சுட்டது. கோபம்கூட வந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டார். பிளைவீலை லொறி டிரைவரிடம் கொடுத்து, ஹட்டனில் லேத் பட்டறை வைத்திருப்பவரிடம் அதன் முகத்தைச் சீவி வாங்கி வரும்படி அனுப்பினார். மற்றவர்களையும் ஏதோ சாக்குச் சொல்லிக் கிளப்பிவிட்டார். எனக்கு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, அவருடைய சீனி மூடியை என் பக்கம் நகர்த்தினார். வேறு யாருக்கும் அதைக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

"கேட்டுட்டுத்தான் சொன்னேன் சேர். இருந்தாலும் தப்புத்தான்."

"பரவால்ல பாஸ் அக்கா. ஞாயித்துக்கிழமைக்குள்ள வண்டி வேணும்."

"ஏன், ஞாயித்துக்கிழமை என்னா?"

சொன்னேன். நானுஓயாக்காரர்களைச் சொன்னேன், மழையைச் சொன்னேன். சனிக்கிழமையும் பிள்ளைக்காம்பரா திறந்திருக்கும், அன்று காலைக்குள் எப்படியாவது வண்டியைக் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். நடந்து போனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நடந்து போனால், எதற்கு வந்தீர்கள் என்று கேட்பார்களே! காரில் போனால் அந்தக் கேள்வி வராது. அக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டார். கையைத் துடைத்தார், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பிளைவீல் லேத்திலிருந்து பளபளவென்று வந்தது. நீலம் மட்டும் முழுசாகப் போகவில்லை. அந்த இடங்களில் இரும்பு கெட்டிப்பட்டு, லேத்தின் கத்தி எகிறிக் குதித்திருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. "இதையே மாட்டிருங்க பாஸ் அக்கா, அடுத்த மாசம் மாத்திக்கலாம்" என்றேன்.

"சோக்குக்கட்டி வச்சிருக்கீங்களா?"

கணக்கு வாத்தியாரின் சட்டைப் பையில் எப்போதும் ஒன்று இருக்கும். கொடுத்தேன். அவர் பிளைவீலின் முகம் முழுக்க மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, ஒட்டத் துடைத்தார். அதன் மேல் சோக்கைத் தேய்த்து வெள்ளையாக்கினார். பிறகு இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து நிமிடம் போயிருக்கும். வெள்ளையில் முடி மாதிரி ஒரு கோடு ஈரமாக வந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் ஏழெட்டு. வெடிப்புக்குள் இறங்கிய எண்ணெய் ஊறி மேலே வருகிறது.

"சீவி மினுக்கிக் குடுக்கலாம் சேர். ஓடவும் செய்யும். ஒரு நாள் வேகத்துல சுத்தும்போது இது ஒடைஞ்சுச்சுன்னா, துண்டு பறந்து உங்க காலைத்தான் தேடி வரும். நான் மாட்ட மாட்டேன். வேற ஆளுகிட்டயும் மாட்ட வுட மாட்டேன்."

அங்கேயே நின்று கொழும்புக்குப் போன் போட்டுச் சிங்களத்தில் பேசினார். நல்ல நிலைமையில் ஒரு பிளைவீல் இருக்கிறதாம், ரயிலில் போடுகிறார்களாம்.

"எப்ப வரும்?"

"திங்கக்கிழமை."

எனக்கு உயிரே போனது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் என்ன படிப்பித்தேன் என்று எனக்குத் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. சாயந்தரம் கராஜுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். அக்கா ஏதோ ஒரு வேனுக்கு அடியில் இருந்தபடியே, "திங்கக்கிழமைதான் சேர்" என்றார்.

சனிக்கிழமை காலையில் நடந்தேன். எத்தனையோ நாள் காரில் போன ஏற்றம் நடக்கும்போது இவ்வளவு நீளமா என்று இருந்தது. கொழுந்து எடுக்கிற பெண்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். "சேர், காரு எங்க?" என்று ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி, "எங்க சேர் நடந்து போறீங்க?" என்றாள். நான் சிரித்து மழுப்பினேன். அந்த ரோட்டில் நடந்து போகிற தூரத்தில் பிள்ளைக்காம்பராவைத் தவிர வேறு எதுவும் இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.

டீச்சர் ஒரு குழந்தையைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வாசலுக்கு வந்தார்.

"கார் எங்க சேர்?"

"கராஜில. திங்கக்கிழமைதான் வரும்."

"அப்ப நடந்தா வந்தீங்க? எதுக்கு?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் மூன்று மாதமாக ஒரு பிளைவீலை எரித்தேன். பிடித்துக்கொள்ள ஸ்டியரிங் இல்லை. கால்கள் வெறும் தரையில் நின்றன.

"உங்களைப் பாக்கத்தான்."

அவர் தொட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "தினமும் நீங்க சொல்றதுல பாதி எனக்குக் கேக்காது சேர். இஞ்சின் சத்தம். அதான் எல்லாத்துக்கும் ஆமா ஆமான்னு சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றார்.

"பெருசா ஒண்ணும் சொல்லல."

"இப்ப சொல்ல வந்தது?"

"நாளைக்கு அவங்க வர வேணாம். எங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு நான் வர்றேன்."

உள்ளே குழந்தை அழுதது. அவர் போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். அதை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். பத்து மாதக் குழந்தை, என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கியது. திரும்பி வந்தபோது அவர் கையில் போன் இருந்தது.

"அப்பா ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்துருவாரு. நாளைக்குன்னா நேரம் போயிரும், அவங்க காலையிலேயே பஸ் ஏறிருவாங்க. இன்னைக்கே வாங்க."

நான் போனேன். என் அம்மாவும் வந்தார். டீச்சருடைய அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார், கணக்கு வாத்தியாரா என்று கேட்டார், பிறகு வெளியே போய் நானுஓயாவுக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்றார். அவ்வளவு சுலபமாக முடியும் ஒரு காரியத்தையா நான் மூன்று மாதம் தள்ளிப்போட்டேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. சந்தோஷத்தில் அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் லட்டுப் பெட்டியோடு கராஜுக்கு ஓடினேன். அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார், அதில் முகம் இன்னும் கரியானது. ஒரு லட்டை முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.

"வாங்க சேர், பிளைவீலை மாட்டிருவோம். அந்தப் பெட்டியைப் பிடிங்க."

சுவரோரமாக இருந்த பெட்டியைத் தூக்கினேன். சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்த முகத்தில் கொட்டகலை ஸ்டேஷனின் முத்திரை இருந்தது. அதில் வெள்ளிக்கிழமைத் தேதி.

நான் அதைப் படிப்பதை அவர் பார்த்துவிட்டார். ஸ்பேனரைக் கீழே வைத்தார். கண்ணில் பட்டதையெல்லாம் ஊரறியச் சொன்ன மனுசிக்கு, என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்திருச்சு சேர். உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்," என்றார். "மாட்டிக் குடுத்திருந்தா சனிக்கிழமையும் நீங்க வண்டிக்குள்ளேயேதான் உக்காந்திருப்பீங்க."